பிடிச்சாச்சு

ஜெபமணி செவ்விளை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது, சுயம்புலிங்கத்தை யாராலும் பிடிக்க முடியாமல் போய் ஒரு முருங்கைப் பருவமே முடிந்திருந்தது, ஊரும் அதற்குப் பழகிப்போயிருந்தது. தேரிக்காட்டு வெயிலுக்கும், சட்டையில் ஏறினால் வெளுத்தாலும் போகாத செம்மண்ணுக்கும், மூன்று மணி பஸ் நாலு மணிக்கு வருவதற்கும் எப்படிப் பழகினார்களோ அப்படித்தான் இதற்கும் பழகினார்கள். டீக்கடையில் கேட்டால், "ஆமா, அவனப் பிடிக்க முடியாது, சீனி தூக்கலாப் போடவா?" என்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அரையிறுதி. சுயம்பு கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிராளிகளின் களத்துக்குள் போனான், அவர்கள் அவனை உள்ளே விட்டுக் கைகோத்துச் சங்கிலி போட்டு மூடினார்கள், இடுப்பில் ஒருவன், தொடையில் ஒருவன், கணுக்காலில் ஒருவன், முதுகில் இரண்டு பேர் என்று குவிந்து விழுந்தார்கள், விழுந்த குவியலுக்கு வெளியே சுயம்பு பாட்டை விடாமல் நடந்துபோய் நடுக்கோட்டைத் தொட்டான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எண்ணெய் தேய்த்திருக்கிறானா என்று துண்டால் துடைத்துப் பார்த்தார், மண்ணை அள்ளி அவன்மேல் போட்டுப் பார்த்தார், தானே ஒரு தடவை பிடித்தும் பார்த்தார். எண்ணெய் பூசக் கூடாது என்று விதி இருக்கிறது, நகம் வளர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது, பிடிபட்டே ஆகவேண்டும் என்று எங்கும் விதி இல்லை. ஆகவே அவர் விசிலை ஊதிப் புள்ளிகளைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

வழுக்கியது என்று சொன்னால் தப்பு. கை மூடும், மூடிய கைக்குள் கை மட்டும் இருக்கும். அவன் யாரையும் தொடலாம், பிடிக்கலாம், குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளலாம். அவனைப் பிடிப்பதும் தூக்குவதும்தான் நடக்காது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டு ஜோசியரிடம் ஓடுகிற ஊர் இல்லை அது. கல்லூரி பி.டி. மாஸ்டர் சந்திரபோஸுக்கு மட்டும் ஒரு கஷ்டம் வந்தது: ஒருவனைப் பிடிக்கவே முடியாவிட்டால் மற்றவர்கள் எப்படிப் பயிற்சி செய்வது? அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். சுயம்புவின் மேல் உள்ளங்கையை வைத்து "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும், சொன்னதும் அவன் நின்றுவிட வேண்டும். அவனும் நின்றான். ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

களத்தில் தொடங்கிய இந்த வழக்கம் தெருவுக்கு வந்தது. ஓடும் பஸ்ஸில் ஏறியவனைக் கண்டக்டர் உள்ளே இழுக்க முடியாமல் முதுகில் கை வைத்து "பிடிச்சாச்சு" என்பார், அவன் கம்பியைத் தானே இறுகப் பிடித்துக்கொள்வான். முடிவெட்டுகிற மாரியப்பன் மோவாயைப் பிடித்துத் திருப்ப முடியாமல் "பிடிச்சாச்சு, இந்தப் பக்கம் திருப்பு" என்பான், தலை தானாகத் திரும்பும். கோயில் கொடைத் திருவிழாவில் காப்புக் கட்டும்போது பூசாரி நூலை நீட்டிக்கொண்டு நின்றார், சுயம்பு மணிக்கட்டை நுழைத்து முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டான். கல்யாணத் தரகர்கூட அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பெண்ணின் கையை மாப்பிள்ளைதானே பிடிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டார். அவன் நடக்கிற தெருவில் கல் கிடந்தால் யார் போனாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார்கள், அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழகாதவள் ஒருத்திதான், அவனைப் பெற்ற முத்துக்கனி. முருங்கைக்காய் மண்டியில் காய் பிரிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இவன் ஒருவனை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினாள். பொழுது சாய்ந்து மகன் வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் அவன் தோளில் கை வைத்து "பிடிச்சாச்சு" என்பாள். மற்றவர்களுக்கு நிற்பதைவிட அங்கே அவன் கொஞ்சம் கூடுதலாக நிற்பான். அவள் விரல்கள் மூடப் பார்க்கும், பிறகு வேறு வேலை இருப்பதுபோல விலகிவிடும்.

ஜெபமணிக்கு வருவோம். தொழில்முறைக் கபடிக் குழு ஒன்றுக்கு ஆள் பார்த்துக் கொடுப்பவர் அவர். ஆண்டுதோறும் புது ஆளெடுப்புக்கு முன்னால் கல்லூரி கல்லூரியாகப் போய், பாடிப் போகிற பையன்களைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அவரே இடது கார்னரில் நின்று ஆடியவர், உடும்புப் பிடி என்று பெயர் வாங்கியவர். பிடிப்பதைத் தவிர வேறு எதுவும் அறியாத மனுஷன், முழங்கால் போன பிறகு, பிடிபடாதவர்களைத் தேடிக்கொண்டு அலைந்தார். போன வருஷம் அவர் ஆகா ஓகோ என்று சொல்லிக் கொடுத்த பையனை, முதல் ஆட்டத்திலேயே வலது பக்கம் திரும்ப வராது என்று எதிராளிகள் கண்டுபிடித்துப் பிழிந்துவிட்டார்கள். அந்த ஓட்டை அவர் கண்ணில் படவில்லை. இந்த வருஷமும் இப்படி ஆனால் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வர வேண்டாம் என்றால் எங்கே போவது என்று ஜெபமணிக்குத் தெரியவில்லை. அதனால் அவருக்குப் பயமாக இருந்தது.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. வீடியோவை நம்பமாட்டார். பையனைக் களத்தில் நிறுத்தி, அவன் காலடியில் மண்ணில் குந்தி, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "போ" என்பார். அந்தக் கால் எப்படி இழுக்கிறது, எந்தப் பக்கம் திமிறுகிறது, எப்போது சோர்கிறது என்பதில் பையனின் முழு ஜாதகமும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"தம்பி, கணுக்காலப் பிடிக்கப் போறேன். நான் 'போ'ன்னதும் போவணும்."

"போறேன் சார். ஆனா பிடிக்க முடியாது." சுயம்பு அதைத் திமிராகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான்.

ஜெபமணி பிடித்தார். எத்தனையோ பேரை மண்ணில் சாய்த்த கை மூடியது, அவருடைய நகம் அவருடைய உள்ளங்கையிலேயே பதிந்தது. கால் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. "போ" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் வந்தது ஆசை. அது வந்தபிறகு மற்ற இரண்டும் இருந்த இடம் தெரியவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தபடி மேனேஜருக்குப் போன் போட்டு, நீங்களே நேரில் வந்து பாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார் மேனேஜர்.

மறுநாள் மத்தியானம் மண்டியில் முத்துக்கனி அவரைக் கூப்பிட்டுவிட்டாள். காய்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"எம் புள்ளைய எடுத்துட்டுப் போவ வந்தவிய நீங்கதானா அண்ணாச்சி?"

"இன்னும் முடிவாவலம்மா."

"ஒரே ஒரு வார்த்த கேக்கேன். அங்ஙன போயி அவன் விழுந்தாம்னா யாரு தூக்குவா?"

"களத்துக்குப் பக்கத்துலயே டாக்டர் இருப்பாரு, ஆம்புலன்ஸ் நிக்கும். அதெல்லாம் நல்லாப் பாத்துக்கிடுவாங்க."

"ஆம்புலன்ஸ்ல ஏத்துததுக்கும் ஆளப் பிடிச்சுத்தான ஏத்தணும்?"

ஜெபமணி ஒரு முருங்கைக்காயை எடுத்து நெளித்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

"முந்தா மாசம் காய்ச்சல்ல கெடந்தான். நெத்தியில கைய வைக்க முடிஞ்சுது, தலையத் தூக்கிக் கஞ்சி குடுக்க முடியல. தலகாணிக்கு மேல தலகாணியப் போட்டுக் குடுத்தேன், அவனாத்தான் ஏறி ஏறிப் படுத்தான். நெனவு இருந்துது, ஏறுனான். நெனவு இல்லேன்னா? இங்ஙன எல்லாருக்கும் தெரியும், அவன் விழாமப் பாத்துக்கிடுதாவ. அங்ஙன யாருக்குத் தெரியும்? ஆளு சரியில்ல, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"வெள்ளிக்கிழம இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேம்மா," என்றார் ஜெபமணி. பொய் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் மறுபடி காய் பிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

சுயம்பு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வந்தான். வழியில் யார் யாரோ தோளில் கை வைத்து "பிடிச்சாச்சு" என்று நிறுத்தினார்கள், காலேஜ் லீவா, சாப்பிட்டாச்சா என்று ஒன்றுமில்லாத விஷயத்தை எல்லாம் கேட்டார்கள். அவனும் ஒவ்வொருவருக்கும் நின்று நின்று வந்தான்.

"அம்மா சொன்னதக் கேட்டு என்ன விட்டுட்டுப் போயிராதீய சார்."

"ஒனக்கு இங்க என்னல கொற? ஊரே ஒன்னத் தாங்குது."

"அதான் சார். யாரு கைய வச்சாலும் நிக்கேன். நிக்கலேன்னா அவிய மொகம் வாடிப்போவும். காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்." பஸ் வருகிற திசையைப் பார்த்தான். "அங்க யாரும் பிடிச்சாச்சுன்னு சொல்ல மாட்டாவல்லா?"

"சொல்ல மாட்டான். நெசமாவே பிடிக்கத்தான் வருவான்."

"அது போதும் சார்," என்றான். அந்த ஒரு நிமிஷம் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான், தான் செய்வது நல்ல காரியம் என்று ஜெபமணி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை களத்துக்குத் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கியிருந்தார்கள். மேனேஜர் புது ஷூவில் செம்மண் புகுந்த எரிச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர் திரண்டு வந்திருந்தது, மண்டிக்கு அரைநாள் லீவு விட்டிருந்தார்கள், முத்துக்கனி மட்டும் வரவில்லை. அன்றைக்கு "பிடிச்சாச்சு" சொல்லக் கூடாது என்று சந்திரபோஸ் மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார். சுயம்பு பாடிப் போனான், மூடின கைகளுக்கு நடுவே நடந்து வந்தான், மறுபடி போனான், மறுபடி வந்தான், மேனேஜர் எரிச்சலை மறந்து எழுந்து நின்று பார்த்தார். ஊர்ச் சனம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அவர்களுக்கு அதெல்லாம் பழைய சங்கதி.

ஜெபமணி மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். போன வருஷத்துச் சூடு அவரை விடவில்லை. இவனிடமும் எங்கோ ஒன்று இருக்கும், அதைத் தான் கண்டுபிடிக்காவிட்டால் வேறொருவன் கண்டுபிடிப்பான். பார்த்துப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தார். சுயம்பு கைகளை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, தோள்களைக் கண்டால் ஒதுங்கினான். கைக்குத்தான் அவன் சிக்கமாட்டான், இடித்தால் இடிபடுவான். செவ்விளையில் அவனை இடிக்க யாருக்கும் மனசு வராததால் அது யாருக்கும் தெரியவில்லை.

அவர் இரண்டு கார்னர் பையன்களையும் கூப்பிட்டார். "கைய மறந்துருங்கல. ரெண்டு பக்கத்துலேருந்தும் தோளக் குடுங்க."

"சார், அவன இடிக்கச் சொல்லுதீயளா?" பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவன யாரும் இடிக்க மாட்டோம் சார்."

"ஒரே ஒரு தடவ. அவன் நல்லதுக்குத்தாம்ல சொல்லுதேன்."

சந்திரபோஸ் மாஸ்டர் காதில் விழுந்தது, ஆனால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தன் மாணவன் பெரிய குழுவுக்குப் போகவேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது.

சுயம்பு பாடிக்கொண்டு போனான். இரண்டு தோள்கள் சேர்ந்து வந்தன. அவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே பறந்துபோய், வாலிபால் கம்பத்தைப் புதைத்திருந்த சிமெண்டுக் கட்டையில் தலை மோத விழுந்தான். பாட்டு நின்றுவிட்டது. ஆட்டத்தில் அவன் பாட்டு நடுவில் நின்று அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

"இடிச்சா விழுந்துடறான், இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு," என்றார் மேனேஜர். ஜெபமணிக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் அதே வார்த்தை தன் மனசிலும் ஒரு கணம் முன்னால் ஓடியது ஞாபகம் வந்து, கை எழவில்லை.

எல்லோரும் ஓடினார்கள். தூக்கப் பார்த்தார்கள். அத்தனை கைகளும் மூடின, மூடின கைகளுக்குள் ஒன்றுமில்லை. வேட்டியை அவனுக்கடியில் கொடுத்துத் தூக்கினார்கள், வேட்டி மட்டும் வந்தது. காதில் வாயை வைத்து, எழுந்திரு, என் கையை நீ பிடித்துக்கொள் என்று கத்தினார்கள், அவனுக்குக் கேட்கவில்லை. உருட்டிவிடலாமா என்றான் ஒருவன். உடைந்த தலையை உருட்டக் கூடாது என்று மாஸ்டர் அழுதார். மண் ஒன்றுதான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது, அந்த மண்ணில் அவனுடைய ரத்தம் ஊறியது நிறம் மாறாததால் தெரியவே இல்லை.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அப்போது முத்துக்கனி வந்தாள். அவள் ஓடிவரவில்லை, தோளில் மண்வெட்டியோடு வேகமாக நடந்து வந்தாள். வந்தவள் கத்தவும் இல்லை, மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. யாரு தூக்குவா என்று ஊரெல்லாம் கேட்டவள், பதில் கிடைக்காமல், அதற்கு ஒரு வழியையும் தானே யோசித்து வைத்திருந்தாள்.

"மண்ணோட எடுங்கல," என்றாள். "சுத்தித் தோண்டி, மண்ணோட சேத்து எடுங்க."

கோட்டுக்கு வெளியே மண் உதிரியாக இருந்தது, வெட்டினால் சரிந்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, கையால் தட்டித் தட்டி மண்ணை இறுக்கினார்கள். ஆண்கள் சுற்றி வெட்டினார்கள். விளையாட்டுச் சாமான் அறையின் கதவைக் கழற்றி, அடியில் மெல்ல மெல்லச் செருகினார்கள். கதவைத் தூக்கியபோது கதவின்மேல் ஒரு சாண் மண் மேலே வந்தது, மண்ணின்மேல் சுயம்பு வந்தான். அவனை அப்படித் தூக்க முடிந்ததும் சிலர் தேம்பி அழுதார்கள். அந்தக் கதவளவு பள்ளத்தை இன்றுவரை செவ்விளையில் யாரும் மூடவில்லை.

காய் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் கதவோடு வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பின்னால் ஒரு பக்கம் முத்துக்கனி உட்கார்ந்தாள், இன்னொரு பக்கம் ஜெபமணி. அவரை ஏறு என்றும் யாரும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் மண் விரிசல் விட்டது. விரிசலில் அவர் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தட்டிக்கொண்டே வந்தார், உயிரே அதில்தான் இருக்கிறது என்கிற மாதிரித் தட்டினார். முத்துக்கனி மகனின் மணிக்கட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தாலாட்டுகிற குரலில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பிடிச்சாச்சு மக்கா, பிடிச்சாச்சு, நில்லு. பிடிச்சாச்சுல்லா, அங்ஙனயே நில்லு. அம்ம பிடிச்சாச்சு."

காற்றாலைகளைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியபோது அவள் குரல் நின்றது. குனிந்து தன் கையைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம், ஜெபமணி அதுவரை பார்த்திராத ஒரு முகமாக மாறியது.

"அண்ணாச்சி! பிடிச்சிட்டேன்!" சிரித்தாள், சத்தமாகச் சிரித்தாள். "இங்க பாருங்க, கைக்குள்ள இருக்கு. எம் புள்ள கை நெசமாவே எங் கைக்குள்ள இருக்கு!" அவன் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், விரல் விரலாகப் பிரித்து முத்தமிட்டாள், அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பிடிச்சாச்சுல! அக்கா பிடிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே ஹாரனை அழுத்தினான். ரோட்டோரத்தில் நின்றவர்கள் ஏதோ கல்யாண வண்டி என்று நினைத்துக் கை காட்டினார்கள்.

ஜெபமணி கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, சுயம்புவின் கணுக்காலைப் பிடித்தார். கை மூடியது. மூடிய கைக்குள் கால் இருந்தது. எலும்பும், ரோமமும், ஒட்டிய செம்மண்ணும், முழுக்கனமும் இருந்தன. இந்தக் காலைப் பிடித்துவிட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டோம் என்று நினைத்தார். அவள் சிரிப்பதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் பிடியை இறுக்கி, "போ" என்றார். கால் இழுக்கவில்லை. எந்தப் பக்கமும் திமிறவில்லை. "போ தம்பி, போ," என்று கெஞ்சினார்.

"எதுக்கு அண்ணாச்சி போவச் சொல்லுதீய?" என்றாள் முத்துக்கனி. "இப்பத்தான பிடிச்சிருக்கு."